வெள்ளைத் தாளில் ஒரு கையெழுத்து

புதிதாக டீம் மேனேஜர் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு உபயோகமாக ஏதாவது சொல்லுங்கள் என்று கூப்பிட்டார்கள். நேரில் வந்து பேசத்தான் கேட்டார்கள். மைக்கைப் பிடித்தால் நான் என் பெருமையைத்தான் பேசுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் எழுதித் தருகிறேன். வாய் பாதிக்கு மேல் மலையாளம் ஆகிவிட்டாலும், மனதில் கிடப்பதை எழுத உட்கார்ந்தால் கை தமிழுக்குத்தான் போகிறது. உங்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்த நாலைந்து பேர் மற்றவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள்.

டீம் மேனேஜர் என்றால் கோட்டுப் போட்டுக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பவர் என்று நினைத்து வந்தவர்கள், இந்நேரம் வாழைப்பழக் குலையும் ஈரச் சாக்ஸ் மூட்டையும் சுமந்து தெளிந்திருப்பீர்கள். பஸ் பிடிப்பது, ரூம் போடுவது, ஐஸ் வாங்குவது எல்லாம் ஒரு சீசனில் தானாக வந்துவிடும். அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கோச்சுக்கு ஆட்டம், பிளேயருக்குப் பந்து, மிச்சம் அத்தனையும் நமக்கு. அந்த மிச்சத்தில் பெரும்பகுதி காகிதம். நான் ஒரு பையனின் வாழ்க்கையைக் கெடுத்தது அந்தக் காகிதத்தை வைத்துத்தான். அதைத்தான் எழுதப் போகிறேன். வேறு ஏதாவது உற்சாகமாகப் படிக்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நான் சாலைக் கடைத்தெருவில் வளர்ந்தவன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு அரிசி மண்டியில் வேலை பார்த்தார். எனக்குப் பந்து ஆட வராது, ஆனால் ஆட்டம் பார்க்காமல் இருக்கவும் முடியாது. ஒரு கம்பெனி நடத்திய கால்பந்து கிளப்பில் ஆபீஸ் பையனாகச் சேர்ந்தேன். அங்கேயே குமாஸ்தா ஆகி, கடைசியில் டீம் மேனேஜரும் ஆனேன். கிளப்பின் பெயர் இப்போது எதற்கு? அது கலைந்துபோய்விட்டது. மாநில லீக்கில் நடுவாந்திரமான டீம். ஜெயித்தால் பேப்பரில் ஒரு மூலையில் வரும், தோற்றால் அதுவும் வராது.

மேனேஜரான புதிதில் எனக்கு ஒரு அடி விழுந்தது. எங்கள் தடுப்பாட்டக்காரர் ஒருவர் லீவில் மலையோர ஊருக்குப் போயிருந்தார். அவருடைய பதிவில் பிறந்த தேதி தப்பாக ஏறியிருக்கிறது, சாயங்காலத்துக்குள் அவர் கையெழுத்திட்ட கடிதம் வந்தால்தான் அடுத்த ஆட்டத்தில் இறங்க முடியும் என்று மாநிலக் கால்பந்துச் சங்கத்திலிருந்து போன் வந்தது. அந்த ஊரில் மொபைலுக்கு ரேஞ்ச் கிடையாது. ஆளைப் பிடிக்க முடியவில்லை. அவர் இல்லாமல் ஆடி நாலு கோல் வாங்கினோம். எல்லோருக்கும் முன்னால் என்னை நிற்க வைத்துக் கம்பெனிக்காரர்கள் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "ஒரு ஒப்பு வாங்கி வைக்கத் தெரியாத ஆளா மேனேஜர்?"

ஒப்பு என்றால் இங்கே கையெழுத்து. அடுத்த சீசனிலிருந்து நான் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். பிளேயர் சேரும் நாளில் ஒப்பந்தம் மூன்று நகல், பதிவுப் படிவம், இன்ஷூரன்ஸ், மருத்துவப் படிவம் என்று பத்துப் பன்னிரண்டு இடங்களில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அந்தக் கட்டின் நடுவில் இரண்டு வெள்ளைத் தாள்களையும் செருகிவிடுவேன். தாளின் கீழ்ப்பகுதியில் ஒப்பு மட்டும். பின்னால் திடீரென்று ஏதாவது கடிதம் தேவைப்பட்டால், மேலே டைப் அடித்துக் கொடுத்துவிடலாம். அந்தத் தாள்களையெல்லாம் ஒரு பச்சை ஃபைலில் போட்டு என் அலமாரியில் பூட்டி வைத்தேன்.

கையெழுத்து வாங்குவதில் எனக்கென்று ஒரு முறை இருந்தது. இடது கையை விரித்துத் தாளின் மேல்பாதியை அமுக்கிக்கொள்வேன். வலது கை விரலால் இடத்தைக் காட்டுவேன். "இங்க... இங்க... அடுத்தது இங்க." பேனா போகிற வேகத்தில் பக்கமும் புரளும். தாள் நகராமல் இருக்கத்தான் கையை வைக்கிறேன் என்று யாராவது கேட்டால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்டதில்லை. இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வெற்றுத் தாள் என்று கண்ணில் பட்டால் பையன் யோசிப்பான், யோசித்தால் கேட்பான், கேட்டால் நேரமாகும். அதற்காகத்தான் கையை வைத்தேன்.

ஏழெட்டு வருடம் இந்த வழக்கம் ஓடியது. விலாச மாற்றம், ஊசி போடச் சம்மதம், ஜெர்சி எண் மாற்றம் இதற்கெல்லாம்தான் அந்தத் தாள்களை எடுத்தேன். ஒரு தாளிலும் பிளேயருக்குக் கெடுதலாக எதுவும் எழுதியதில்லை. மற்ற கிளப் மேனேஜர்கள் கடிதத்துக்காக நாயாக அலையும்போது நான் பத்து நிமிடத்தில் நீட்டுவேன். "அண்ணாச்சி கையில எப்பவும் பேப்பர் ரெடி" என்று சங்க ஆபீஸில் சொல்வார்கள். அதைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியாது.

மணிகண்டன் எங்களிடம் வந்தபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. மலையில் இருக்கும் போனக்காடு என்ற ஊர்ப் பையன். அப்பாவும் அம்மாவும் தேயிலை எஸ்டேட் தொழிலாளிகள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், இங்கிலீஷைக் கண்டால் இரண்டு அடி தள்ளி நிற்பான். இடது ஓரத்தில் ஆடுவான். ஏற்றமும் இறக்கமுமாக உள்ள எஸ்டேட் மைதானத்தில் ஆடி வளர்ந்தவனுக்கு எங்கள் சமதளம் விளையாட்டாக இருந்தது. தொண்ணூறாவது நிமிடத்திலும் முதல் நிமிடம் போலவே ஓடுவான். தடுக்க வந்தவன் இடுப்பில் கையை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது இவன் மூலைக்கொடி பக்கத்தில் நின்று "வாடே" என்று கூப்பிடுவான்.

சேர்ந்த அன்றைக்கு என் மேஜைக்கு முன்னால் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். எனக்குத் தமிழ் தெரியும் என்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது.

"அண்ணாச்சி நம்ம ஆளா? அப்பப் பேடியில்ல, பயமில்ல. எங்க போடணும்னு மட்டும் சொல்லுங்க."

போட்டான். பதினாலு ஒப்பு. ஒன்றைக்கூடக் குனிந்து வாசிக்கவில்லை. பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு சீசன் ஆடினான். ஒப்பந்தம் இரண்டு வருடம்தான், மே கடைசியில் முடிகிறது. மார்ச்சில் கோவாவிலிருந்து ஒரு பெரிய கிளப்பின் ஆள் வந்து எங்கள் மூன்று ஆட்டங்களைப் பார்த்துவிட்டுப் போனார். ஏப்ரலில் மணிகண்டனுக்கு அழைப்பு வந்தது. நாடு முழுக்க டிவியில் காட்டும் லீக். மூன்று வருட ஒப்பந்தம். ஒரே நிபந்தனை, எங்கள் கிளப்போடு பாக்கி எதுவும் இல்லாமல் அவன் விடுபட்டு வர வேண்டும். ஆள் மாறுவதற்கு ஒரு காலக்கெடு உண்டென்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கெடு ஒரு சனிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் எல்லாம் நடந்தால் அவன் எங்கேயோ போய்விடுவான். நடக்காவிட்டால் அந்த இடம் வேறொருவனுக்கு. நம்மைப் போன்ற ஊர்களில் ஆடுகிற பையன்களுக்கு இப்படி ஒரு கதவு ஒரு தடவைதான் திறக்கும். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

செய்தி வந்த அன்று என்னையும் இழுத்துக்கொண்டு பழவங்காடி கணபதி கோயிலுக்குப் போனான். பதினோரு தேங்காய் வாங்கி உடைத்தான். கோல் போட அடிப்பது போல ஓங்கி எறிந்ததில் சிதறல் என் சட்டையெல்லாம் தெறித்தது.

"அண்ணாச்சி, கோவாவுல முதல் மேட்ச் அன்னைக்கி அப்பாவையும் அம்மாவையும் உங்க வீட்டுக்கு அனுப்பி வச்சிருவேன். அங்க மலையில டிவி ஒழுங்கா கிட்டாது. பெரிய டிவி தானல்லே உங்க வீட்டுல?"

"முதல்ல டீம்ல இடம் பிடிடே. டிவியப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றேன். ரொம்ப சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். எனக்குப் பையன்கள் இல்லை. அதற்காக இவனை மகனாக நினைத்தேன் என்றெல்லாம் கதை விட மாட்டேன். ஆனால் பிடிக்கும்.

மே முதல் வாரத்தில் எங்கள் கிளப் செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டார். கிளப்பை நடத்திய கம்பெனிக்காரர்கள் அவர் கழுத்தில் கத்தி வைத்திருந்தார்கள். உள்ளதிலேயே நல்ல பிளேயரைச் சும்மா விட்டுவிட்டு அடுத்த வருடம் யாரை வைத்து ஆடப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் நல்ல மனிதர்தான். அதையும் எழுதிவிடுகிறேன். என் மனைவிக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் வந்து உட்கார்ந்திருந்தவர்.

"அண்ணாச்சி, ஆ பச்சை ஃபைல் ஒண்ணு வேணுமல்லோ" என்றார்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது என்பதுதான் நிஜம். அலமாரியைத் திறந்தேன், எடுத்தேன், அவர் மேஜையில் வைத்தேன். அவர் பக்கங்களைப் புரட்டி மணியின் தாள் ஒன்றை உருவியதையும் பார்த்தேன். "சாய் குடிச்சோ?" என்று கேட்டார். "குடிச்சாச்சு சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்த ஃபைல் என் பொறுப்பில் இருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது. சார், இது வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் என்னைத் தின்றுவிட்டிருப்பாரா என்ன? ஆனால் எத்தனையோ வருடமாக ஃபைல் கேட்டால் எடுத்துக் கொடுத்துப் பழகிய கை. கேட்டதும் கொடுத்துவிட்டது.

ஒப்பந்தத்தை மேலும் இரண்டு வருடம் நீட்டிக்கச் சம்மதம் என்று அந்தத் தாளில் இங்கிலீஷில் கடிதம் அடித்தார்கள். மே மாதம் அடித்த கடிதத்துக்குப் பிப்ரவரித் தேதி போட்டார்கள். விஷயம் நாலே வரி. ஒப்பு தாளின் அடியில் கிடந்ததால், நாலு வரியை வைத்து அங்கே இறங்க முடியாமல் வரிக்கு வரி ஒரு விரல்கடை இடைவெளி விட்டிருந்தார்கள். பார்த்தவுடன் தெரியும். தெரிய வேண்டும் என்று நினைப்பவர்களுக்குத் தெரியும்.

கோவா கிளப் சங்கத்தின் பதிவைத் தேடிப் பார்த்தபோது மணிகண்டன் இன்னும் இரண்டு வருடத்துக்கு எங்கள் பிளேயர் என்று வந்தது. மணி கடிதத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு என் அறைக்கு ஓடி வந்தான். மூச்சு வாங்கியது. ஆடும்போதுகூட அவனுக்கு அப்படி வாங்கி நான் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, இது என் ஒப்புதான். ஆனா இப்படி ஒரு பேப்பர்ல நான் எப்ப போட்டேன்? எனக்கு ஓர்மையே இல்ல. பிப்ரவரில நான் என்னத்துல ஒப்பு போட்டேன்?"

பிப்ரவரியில் வெளியூர் ஆட்டத்துக்குப் போவதற்காக எல்லோரிடமும் ஒரு பயணப் படிவத்தில் ஒப்பு வாங்கியிருந்தேன். அதை அவனே ஞாபகப்படுத்திக்கொண்டான்.

"அந்த டிராவல் பேப்பர் கூட இதுவும் இருந்துச்சா அண்ணாச்சி?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. "பாக்கலாம் மக்களே, பதறாத" என்றேன். அவனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நான் பார்த்துக்கொள்வேன் என்று நினைத்துக்கொண்டு போனான்.

சங்கத்தில் பிளேயர்களின் புகாரைக் கேட்க மூன்று பேர் கொண்ட ஒரு குழு உண்டு. யாரோ சொல்லிக் கொடுத்து மணி அங்கே புகார் எழுதிக் கொடுத்தான். வியாழக்கிழமை விசாரணை. சனிக்கிழமையோடு கெடு முடிகிறது. உன் பக்கத்துக்குச் சாட்சி யார் என்று கேட்ட இடத்தில் என் பெயரை எழுதியிருந்தான். கிளப்பும் சாட்சி என்று என் பெயரைத்தான் கொடுத்திருந்தது. இரண்டு பக்கத்துக்கும் நான் ஒருவன்தான் சாட்சி. உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எனக்குப் புதன்கிழமை முழுக்கச் சிரிப்பு வரவில்லை.

அன்று மத்தியானம் செக்ரட்டரி என் அறைக்கே வந்தார். கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, கள்ளம் பறையான் நான் சொல்லல, பொய் ஒண்ணும் வேண்டாம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா மதி. ஒப்பு அவன்டெ தன்னே அல்லே? உங்க முன்னாலதானே போட்டான்? அவ்வளவுதான்."

"சார், அவன் ஒப்பு போடறப்ப அந்தப் பேப்பர்ல ஒண்ணும் எழுதியிருக்கலியே."

"அது அவங்க கேட்டாலல்லே?" என்றார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "பச்சை ஃபைல்ல இன்னும் இருபத்தெட்டு பேரோட பேப்பர் இருக்கு. அது வெளிய வந்தா டீமை லீக்குலேந்து நீக்குவாங்க. இருபத்தெட்டு பேரும் வீட்டுக்குப் போவாங்க. பின்னே, அந்த ஒப்பெல்லாம் வாங்கினது யாரு? நான் இல்லல்லோ" என்றார்.

ஒருத்தனுக்காக இருபத்தெட்டுப் பேரைத் தெருவில் விடுவதா என்று அன்று பூராவும் எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கேட்டு, நான் செய்யப்போவது ஏதோ தியாகம் என்கிற அளவுக்கு வந்துவிட்டேன். அத்தனையும் பொய். அவர் சொன்னதில் என்னைப் பிடித்து உலுக்கியது கடைசி வரி மட்டும்தான். மாட்டப்போவது நான். என் பெயர் பேப்பரில் வரும். சாலைக் கடைத்தெருவில் என் அப்பாவைத் தெரிந்த கடைக்காரர்கள் என்னைப் பார்க்கும்போது பேச்சை நிறுத்துவார்கள். அந்த இருபத்தெட்டுப் பேரை நான் ஒரு போர்வையாகப் போர்த்திக்கொண்டேன். பயப்படுகிறவனுக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும். உங்களுக்கும் இருக்கும். அது எவ்வளவு நல்ல காரணமோ அவ்வளவு சந்தேகப்படுங்கள்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஸ்டேடியத்தில் கேலரிப் படிகளுக்குக் கீழே இருக்கும் ஒரு அறையில் விசாரணை. மேலே யாரோ சின்னப் பிள்ளைகள் படிகளில் ஏறி இறங்கி ஓடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். தடதடவென்று சத்தம் தலைக்கு மேல் போய்க்கொண்டே இருந்தது. மணி புதுச் சட்டை போட்டிருந்தான். மடிப்புக்கூடக் கலையவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

முதலில் அவனைக் கேட்டார்கள். அவன் இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை.

"சார், நீட்டறதுக்கு நான் சம்மதிக்கல. யாரும் என்கிட்ட கேக்கவும் இல்ல. ஒப்பு என்னோடதுதான். அது எப்படி அங்க வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. அண்ணாச்சிட்ட கேளுங்க. அண்ணாச்சி தான் எல்லா பேப்பரும் வாங்குவாரு. அவரு என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம்."

அப்படிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். நடுவில் இருந்த பெரியவர் கடிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"இது மணிகண்டன்டெ ஒப்பு தன்னேயோ?"

"ஆமா சார்."

"உங்க முன்னால போட்டதா?"

"என் முன்னாலதான் சார்."

"யாராவது நிர்பந்திச்சாங்களா?"

"இல்ல சார்."

மூன்றும் உண்மை. ஒரு வார்த்தை பொய் கிடையாது. பெரியவர் ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று நல்ல மனதோடுதான் கேட்டார்: "வேற எந்தெங்கிலும் பறையானுண்டோ?"

அந்த மனிதருக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது. வரிகளுக்கு இடையே கிடந்த அந்த இடைவெளியை அவரும் பார்த்திருப்பார். எனக்காக ஒரு வழியைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். பக்கத்தில் மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கவலை இல்லை. அண்ணாச்சி இன்னும் முடிக்கவில்லை, இனிமேல்தான் சொல்லப்போகிறார் என்று உட்கார்ந்திருந்தான். நான் மேஜையைப் பார்த்தேன்.

"இல்ல சார்" என்றேன்.

மொத்தம் பத்து நிமிடம் இருக்கும். வெளியே வராந்தாவில் மணி என் பக்கத்தில் வந்து நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "போட்டும் அண்ணாச்சி, நீங்க என்ன செய்வீங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான். முகத்தில் காறித் துப்புவதற்குப் பதிலாக அப்படிச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒப்பு பிளேயருடையது, சாட்சியும் அதை உறுதிசெய்கிறார், ஆகவே நீட்டிப்பு செல்லும் என்று வெள்ளிக்கிழமை தீர்ப்பு வந்தது. சனிக்கிழமை கெடு முடிந்தது. கோவா கிளப் மிஸோரமிலிருந்து ஒரு பையனை எடுத்துக்கொண்டது. நன்றாகவே ஆடுகிறான்.

மணி அதன்பிறகு பயிற்சிக்கு வரவில்லை. நோட்டீஸ் போனது, ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி ஒரு சீசன் முழுக்க உட்கார வைத்தார்கள். அந்த நோட்டீஸையும் தபாலில் சேர்த்தவன் நான்தான். அடுத்த சீசன் வந்தான், உடம்பு கூடியிருந்தது, மூன்றாவது ஆட்டத்தில் முட்டி போய்விட்டது. ஒப்பந்தம் முடிந்து வேறு கிளப்புகளில் கேட்டுப் பார்த்திருக்கிறான். "கேஸ் கொடுத்த பையன்" என்று யாரும் எடுக்கவில்லை. நமக்குள்ளேயே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளும் பழக்கம் இருக்கிறதே, அதில் எனக்கும் ஒரு போன் வந்தது. நல்ல பையன் என்று சொன்னேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

அதே வருடம் கம்பெனி டீமைக் கலைத்தது. காரணம் வேறு ஏதோ. அந்த இருபத்தெட்டுப் பேரும் வீட்டுக்குத்தான் போனார்கள். செக்ரட்டரி பிள்ளைகளோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். நான் ஓய்வுபெற்றேன். மாலை போட்டார்கள்.

வீட்டில் சும்மா உட்கார்ந்த பிறகுதான் அது என்னைத் தின்ன ஆரம்பித்தது. சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் புதுச் சட்டை ஞாபகம் வரும். இரண்டு மாதம் யோசித்து, நடந்ததை நடந்தபடி நாலு பக்கம் எழுதிச் சங்கத்துக்கு அனுப்பினேன். பதில் வந்தது. முடித்து வைத்த புகாரைத் திறக்கக் காலம் கடந்துவிட்டது, சம்பந்தப்பட்ட கிளப்பும் இப்போது இல்லை என்று இரண்டு வரி. மரியாதையான பதில்தான். என் நாலு பக்கத்துக்கு அந்த இரண்டு வரி அதிகம்.

மணி சாலைக் கடைத்தெருவில் ஒரு பெயின்ட் கடையில் வேலை பார்க்கிறான் என்று தெரிந்தது. என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். போக மூன்று மாதம் ஆயிற்று. காலை பதினோரு மணி வாக்கில் போனேன். கேட்ட கலர் வருவதற்காக டப்பாவைக் குலுக்கும் மெஷின் ஒன்று உண்டல்லவா, அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தான். இடது காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்திருந்தான்.

"அண்ணாச்சி! வாங்க. வீட்டுக்கு அடிக்கவா? நான் டிஸ்கவுன்ட் சொல்லித் தாரேன்" என்றான்.

நான் எதிர்பார்த்து வந்தது வேறு. கெட்ட வார்த்தைக்குத் தயாராக வந்தவன், அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டதும் நிலைகுலைந்துவிட்டேன். உட்காராமலே சொல்ல ஆரம்பித்தேன். சேர்ந்த அன்றைக்குக் கட்டுக்கு நடுவில் இரண்டு வெள்ளைத் தாள் இருந்தது, நான்தான் கையால் மறைத்துக்கொண்டு ஒப்பு வாங்கினேன், கடிதம் பின்னால் அடித்தது, பிப்ரவரியில் நீ எதிலும் ஏமாறவில்லை, விசாரணையில் எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். மெஷின் குலுக்கிக்கொண்டிருந்தது. சத்தத்தில் கேட்டதோ இல்லையோ என்று பாதியை இரண்டாம் தடவையும் சொன்னேன். சங்கத்துக்கு எழுதிய கடிதத்தின் நகலை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. மெஷினை அணைத்தான்.

"அப்ப நான் அந்த லெட்டர்ல ஒப்பு போடல?"

"போடல மக்களே."

"டிராவல் பேப்பர் கூட அது இல்ல?"

"இல்ல."

அவன் டப்பாவை மெஷினிலிருந்து எடுத்துக் கீழே வைத்தான்.

"விசாரணையில நீங்க ஆமான்னு சொன்னப்ப, அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும், நான்தான் வாசிக்காம போட்டுட்டு மறந்துட்டேன்னு நெனச்சேன். அதான் போட்டும்னு சொல்லிட்டு வந்தேன். உங்க மேல எனக்கு ஒரு தேஷ்யமும் கோபமும் இருந்ததில்ல. எல்லாருட்டயும் அப்படித்தான் சொன்னேன். நாலு வரி வாசிக்கச் சோம்பல்பட்டு வாழ்க்கையைத் தொலைச்ச மடையன் நான்தான்னு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"அப்பா போன வருஷம் செத்துப் போனாரு. கடைசி வரைக்கும் அதத்தான் சொல்லிட்டிருந்தாரு. ஒரு தடவ வாசிச்சுப் பாத்துப் போட்டிருக்கப்படாதாடா, உன்ன இதுக்கா படிக்க வச்சேன்னு. நானும் ஆமாப்பா, தப்பு என்னோடதுதான்னு காலப் புடிச்சு அழுதேன். அந்த மனசோடதான் போனாரு." அவன் குரல் உயரவே இல்லை. "இனி அவருட்ட யாரு அண்ணாச்சி போய்ச் சொல்லுவா?"

கடை வாசலில் யாரோ நாலு லிட்டர் வெள்ளை கேட்டார்கள். மணி என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு எடுத்துக் கொடுக்கப் போனான்.